எட்டு மாத முகவரி

1

எட்டு மாதம் எங்கே இருந்தீர்கள் என்று அயர்லாந்து போலீஸ் என்னைக் கேட்கிறது.

பயந்துவிடாதீர்கள், நான் யாரையும் எதுவும் செய்துவிடவில்லை. என் மகள் இனியாவுக்குப் பதினைந்து வயது. கார்க் நகரத்துக்கு வெளியே நாங்கள் குடியிருக்கும் சிற்றூரின் பெண்கள் அணியில் 'கேலிக் ஃபுட்பால்' என்கிற அயர்லாந்துக் கால்பந்து ஆடுகிறாள். காலால் உதைக்கலாம், கையால் பிடிக்கலாம், முஷ்டியால் குத்தியும் அனுப்பலாம் என்று எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கிற விளையாட்டு அது. வெளியூர் ஆட்டம் என்றால் அந்தப் பிள்ளைகளோடு பெரிய பெண்மணி ஒருவர் கட்டாயம் போக வேண்டும். இதுவரை போய்க்கொண்டிருந்த ஒரு தாய்க்கு முழங்காலில் ஆபரேஷன். அரையிறுதிக்கு மூன்று வாரம் இருந்தது. வேறு யாரும் கை தூக்கவில்லை.

"அம்மா, நீ வாரயா?" என்று இனியா கேட்டாள்.

அவள் தமிழில் கேட்பது தீபாவளிக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு ஒரு தடவை. அந்த மயக்கத்தில் வாரேன் என்று சொல்லிவிட்டேன்.

பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளோடு போகிறவரைப் போலீஸ் சரிபார்க்குமாம். அதற்கொரு விண்ணப்பம். பிறந்ததிலிருந்து இன்றுவரை குடியிருந்த முகவரிகள் அத்தனையும், மாதம் வருடத்தோடு, நடுவில் ஒன்றும் விட்டுப்போகாமல் எழுத வேண்டும். எங்கள் வீட்டில் விண்ணப்பங்கள் என் கணவர் செந்திலின் இலாகா. பெருந்துறைக்காரர், மருந்துத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை. மற்றவர்களுக்கு விண்ணப்பத்தைப் பார்த்தால் தலைவலி வரும், இவருக்குப் பசி எடுக்கும்.

"அன்னூர்த் தோட்டத்துக்கு டோர் நம்பர் என்ன சாந்தா?"

"தோட்டத்துக்கு ஏதுங்க டோர் நம்பரு? கெணத்துமேட்டுத் தோட்டம்னு போட்டா தபால்காரரு கொண்டாந்து குடுத்துட்டுப் போவாரு."

"நம்பர் போடாம அடுத்த பொட்டிக்கே போகமாட்டீங்குது."

கடைசியில் ஒன்று என்று போட்டார். நான் பிறந்த வீட்டுக்கு இப்படியாக அயர்லாந்தில் வைத்துக் கதவு எண் கிடைத்தது. அண்ணனிடம் சொன்னால் சிரிப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து விண்ணப்பம் திரும்பி வந்தது. என் பதினாறாவது வயதில், ஜூன் முதல் ஜனவரி வரை, எட்டு மாதத்துக்கு முகவரி இல்லை.

"அட, சத்தியமங்கலத்துல உங்க பெரியம்மா ஊட்டுல இருந்தயில்ல? அதை உட்டுப்போட்டோம் பாரு," என்றார் செந்தில். பாதி தட்டச்சும் செய்துவிட்டார்.

பெரியம்மா வீட்டு முகவரியை அண்ணனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று நான் அவரை நிறுத்தினேன். ஏனென்றால் விண்ணப்பத்தின் அடியில் ஒரு வரி இருக்கிறது: மேலே எழுதியதெல்லாம் உண்மை, பொய் என்றால் குற்றம். அதன் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். அந்த எட்டு மாதமும் நான் சத்தியமங்கலத்தில் இல்லை. கல்யாணமாகி இத்தனை வருடமாகியும் என் கணவருக்கு அது தெரியாது.

2

எனக்கு பேக்கரியில் காலை ஐந்தரை மணி ஷிப்ட். வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதலாளியம்மா எதைச் சொன்னாலும் "எஸ்ஸுங்க" என்றுதான் வாயில் வரும். அவர் அதை என் ஊர் வழக்கத்து மரியாதை என்று சரியாகவே புரிந்துகொண்டார். இப்போது அவரே என்னைக் கூப்பிடும்போது கடைசியில் ஒரு "ங்க" போடுகிறார்.

ஊரே தூங்கும்போது நடந்து போவேன். பெரும்பாலும் தூறல் இருக்கும், நனைக்கவும் செய்யாது, விடவும் செய்யாது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுப் பக்கமிருந்து கோயமுத்தூருக்கு ஒரு சாரல் வருமே, அதே தூறல். கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு நடந்தால் கால் எந்த ஊரில் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. வழியில் பிள்ளைகளின் மைதானம். வெள்ளைக் கோடுகள் மட்டும் இருட்டில் லேசாகத் தெரியும். அதைத் தாண்டும்போதெல்லாம் எனக்குச் சுண்ணாம்பு வாசனை வரும். இங்கே கோடு போடுவது பெயிண்டால். வாசனை எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும்.

கோயமுத்தூரில் ஒரு விளையாட்டு விடுதியில் அந்த எட்டு மாதம் இருந்தேன். பிளஸ் ஒன். வாலிபால். நான் செட்டர், அதாவது அடிப்பவளுக்குப் பந்தை விரல் நுனியால் தூக்கிக் கொடுக்கிறவள். ஐந்தரைக்கு விசில். எழுந்து ஓடினால் சாரல் முகத்தில் அடிக்கும். இரவு மழையில் கோடெல்லாம் கரைந்து போயிருக்கும். நாங்களே சுண்ணாம்பைக் கரைத்து, கயிறு பிடித்து, மறுபடி போடுவோம். கோச் டீச்சர் குட்டையான ஆள், குரல் மட்டும் ஆள் உயரத்துக்கு இருக்கும். "சாந்தாமணி, பந்தப் புடிக்காதே, தொட்டு அனுப்பு" என்பார். ஒரு நாள் நான் தூக்கிய பந்தைப் பார்த்துவிட்டு ஒன்றுமே சொல்லாமல் அடுத்த பெண்ணிடம் போனார். அந்த ஒன்றுமில்லாததை வைத்துக்கொண்டு ஒரு மாதம் மிதந்தேன்.

இப்போது மாவு பிசையும்போது விரல் தானாக அப்படி விரியும். பக்கத்து மேசைக்காரி கேட்பாள், எதற்கு மாவைக் கூரை வரைக்கும் தூக்குகிறாய் என்று. சும்மாதான் என்பேன்.

போன மாதம் வீட்டுப் பின்கட்டில் இனியா முஷ்டியால் பந்தைக் குத்திக்கொண்டிருந்தாள். முழங்கையை உள்ளே வைத்துக்கொள், தோள் நோகாது என்று சொன்னேன். திரும்பிப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னாள், உனக்கென்ன தெரியும், நீ ஆடினதே இல்லையே என்று. திமிராகச் சொல்லவில்லை, உலகம் அறிந்த விஷயம் மாதிரி சொன்னாள். நான் துணி எடுக்க வந்தவள் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

3

யாரும் என்னை ஆடாதே என்று சொல்லவில்லை. அதைத்தான் இந்த ஊர்ப் பெண்களுக்கு என்னால் விளக்க முடியவில்லை. அவர்களுக்கு இல்லை என்றால் இல்லைதான். எங்கள் பக்கத்தில் இல்லை என்று சொன்னால் மரியாதைக் குறைச்சல்.

தை மாதம் அண்ணனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையோடு பிறந்தவள் இல்லாமல் எங்களில் கல்யாணம் நடக்காது. இணைச்சீர் என்று ஒரு சடங்கு, பெண்ணுக்கு எடுத்த கூறைச்சேலையின் ஒரு முனை அண்ணன் பக்கம், மறுமுனை தங்கை பக்கம் என்று சேர்ந்து நிற்க வேண்டும். நான் ஒருத்திதான் தங்கை. நான்கு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, அன்னூர் பஸ் ஏறினேன்.

விடுதியில் தலைமுடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தார்கள். அம்மா என்னைப் பார்த்ததும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். கல்யாணத்தன்று எனக்குச் சவுரி வைத்துப் பின்னினார்கள். அத்தனை பெரிய சவுரியை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. அதில் ஆறு முழம் மல்லிகை. சீர் நடத்தி வைக்கிற அருமைக்காரர் குனியச் சொன்னபோது சவுரி நழுவியது. பின்னால் நின்ற மாமன் மகள் சடங்கு முடியும்வரை என் பின்மண்டையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். ஏதோ ஆசீர்வாதம் என்று ஊரார் நினைத்திருப்பார்கள்.

கல்யாணம் முடிந்தது. நாலாம் நாள் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். "போலாங் கண்ணு, மறுவீடு முடியட்டும்," என்றார் அம்மா. மறுவீடு முடிந்தது. "போலாங் கண்ணு, தை அமாவாசை போகட்டும்." அமாவாசையும் போனது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, சாப்பிட்டயா சாமி என்று முன்பைவிட அன்பாகக் கேட்டார். அவ்வளவு கண்ணும் அவ்வளவு சாமியும் அதற்கு முன்பு எனக்குக் கிடைத்ததில்லை. மாசி பிறந்தபோது ஒரு மத்தியானம் என் பெட்டி வாசலில் இருந்தது. அண்ணன் போய் எடுத்துவந்திருந்தார். யாரும் எதையும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெட்டிக்குள் ஷூவில் காய்ந்த சுண்ணாம்பு இருந்தது.

டவுசர் போட்டுக்கொண்டு புள்ளை ஊர் ஊராக ஆடுகிறது என்று நாளைக்கு யாரும் பேசக்கூடாது. அதனால் அந்த எட்டு மாதமும் நான் சத்தியமங்கலத்துப் பெரியம்மாவுக்கு ஒத்தாசையாக இருந்தேன் என்று ஆயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்களே, எங்கள் வீட்டில் மறைத்துப் பரிமாறியும் விட்டார்கள். செந்தில் வீட்டார் பெண் பார்க்க வந்தபோது அவர் அம்மா கேட்டார், "புள்ளைக்கு வெளையாட்டுக் கிளையாட்டுன்னு ஒண்ணும் பழக்கமில்லீங்களே?" வலிப்பு கிலிப்பு இருக்கிறதா என்று கேட்கிற அதே தணிந்த குரல். "அதெல்லாம் இல்லீங்க," என்றார் அம்மா. நான் காப்பித் தட்டோடு கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். காப்பி தளும்பவில்லை. விரல் நுனியால் எதையும் சமமாக ஏந்துவதற்கு எனக்கு எட்டு மாதப் பயிற்சி இருந்தது.

4

என் தேநீர் இடைவேளையில் அண்ணனுக்கு அங்கே சாயங்காலம். கோயமுத்தூர் ரோட்டில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டது.

"ஏனுங்ணா, நல்லாருக்கீங்களா?"

"இருக்கறனம்மணி. இங்க ஒரு சொட்டு மழையில்ல. அங்க எப்படி?"

"இங்க மழையத் தவர வேற ஒண்ணுமில்லீங்ணா. ஒரு அட்ரஸ் வேணும். அந்த ஹாஸ்டல் அட்ரஸ்."

"எந்த ஹாஸ்டலு?"

"எனக்கு எத்தன ஹாஸ்டல் இருந்துச்சுங்ணா?"

சுத்தியல் சத்தம் நின்றது. நான் இனியாவின் ஆட்டத்தை, விண்ணப்பத்தை, போலீஸை எல்லாம் சொன்னேன்.

"மாப்பளைக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்ணா."

"அப்பறம் என்னத்துக்கு அம்மணி கெளறறே? சத்தியமங்கலம்னே எழுதிப்போடு. அங்கிருந்து யாரு வந்து எட்டிப்பாக்கப் போறாங்க?"

"எல்லாம் நெசம்னு கீழ கையெழுத்துப் போடோணுமுங்ணா."

கையெழுத்து என்றதும் அவர் ஏனோ பேச்சை நிறுத்திவிட்டார். "கடைக்கு ஆளு வந்திருக்காங்க கண்ணு, அப்பறம் பேசறேன்," என்றார். யாரும் வந்த சத்தம் கேட்கவில்லை.

5

நான் எழுதுவதைப் படித்துவிட்டு, அயர்லாந்தில் பெண்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். மேடு பள்ளமில்லாத மைதானம் இங்கேயும் பையன்களுக்குத்தான். பெண் பிள்ளைகளுக்குச் சரிவான மைதானம். பந்தை விட்டால் அதுவே ஓடையைப் பார்த்துப் போகும். பையன்கள் ஆட்டத்துக்குக் கார் நிறுத்த இடமிருக்காது, இவர்கள் ஆட்டத்துக்கு ஏழு பேர் நிற்போம், அதில் ஒன்று நாய். இன்னும் ரெண்டு வருஷம், அப்புறம் அவளே விட்டுவிடுவாள் என்று ஒரு அப்பா தன் பெண்ணைப் பற்றி என்னிடமே பெருமூச்சுவிட்டார். அவரைப் பார்த்தபோது எனக்கு எங்கள் அன்னூர்ப் பங்காளி ஒருவர் ஞாபகம் வந்தது.

ஆனால் கோச் ஓர்லா அந்தச் சரிவிலேயே பிள்ளைகளை ஓடவிடுகிறாள். மேட்டைப் பார்த்து ஆடக் கற்றவள் எங்கேயும் ஆடுவாள் என்கிறாள். நான் தண்ணீர்ப் பாட்டில்களை அடுக்கியபடி அவள் குரலைக் கேட்பேன். தூறலில் அந்தக் குரல் கோச் டீச்சருடையதாகி, தமிழாகி, என் பெயரைக் கூப்பிடும். ஒருமுறை "டீச்சர்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். ஓர்லா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

அண்ணனிடம் பேசி மூன்றாம் நாள் கைப்பேசியில் ஒரு படம் வந்தது. பழுப்பேறிய காகிதம். மேலே விடுதியின் முகவரி. கீழே, "நான் என் சொந்த விருப்பத்தின் பேரில் விடுதியை விட்டு விலகுகிறேன். இதில் யாருடைய வற்புறுத்தலும் இல்லை." அதற்கும் கீழே என் பெயர், கையெழுத்தாக. எழுத்தெல்லாம் வலது பக்கம் சாய்ந்திருந்தது. அண்ணனின் எழுத்து அப்படித்தான் சாயும். கூடவே அவர் குரல்:

"அம்மணி, நானு பொட்டி எடுக்கப் போனப்ப, புள்ள எழுதிக் குடுத்தாத்தான் தருவேன்னு வார்டனம்மா சொல்லிப்போட்டாங்க. வெளிய மரத்தடியில உக்காந்து நானே எழுதிப்போட்டேன். உம் பேரையும் நாந்தான் போட்டேன். அவிங்க அதுல ஒரு ஜெராக்ஸ் குடுத்தாங்க. கிழிக்கவும் மனசு வரல, உனக்குக் காட்டவும் தெகிரியம் வரல. என்ற கல்யாணப் பத்திரிக்கையோடயே வெச்சிருந்தேன். அட்ரஸு மேல இருக்குது பாரு. எழுதிக்க."

அண்ணன் மேல் எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடமும் நான் ஒன்றை நம்பிக்கொண்டிருந்தேன். என்னை வீட்டில் நிறுத்திவிட்டார்கள் என்று டீச்சருக்குத் தெரிந்திருக்கும், ஒரு நாளாவது "பாவம் சாந்தாமணி" என்று சொல்லியிருப்பார் என்று. டீச்சர் பார்த்தது இந்தக் காகிதத்தை. போக வேண்டுமென்று ஆசைப்பட்டுப் போன பெண்ணாகத்தான் நான் அவர் நினைவில் இருந்திருப்பேன். பேக்கரிக் கழிப்பறையில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை காலை. செந்தில் தோசைக்கு உட்கார்ந்திருந்தார். இனியா பயிற்சிக்குப் போயிருந்தாள். அரையிறுதிக்கு எட்டு நாள். விண்ணப்பத்தை அன்றைக்கு அனுப்பினால்தான் உண்டு.

"ஏனுங்க, நான் சத்தியமங்கலத்துல இருக்கவே இல்லீங்க."

எல்லாவற்றையும் சொன்னேன், சவுரி உட்பட. அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா கட்டியிருப்பீங்களா?"

கட்டியிருப்பேன் என்று அவர் சொல்வார், நான் நம்பியதுபோல் இருந்துவிடலாம் என்று எதிர்பார்த்தேன். அவர் யோசித்தார். தரக்கட்டுப்பாட்டுக்காரர், யோசிக்காமல் பதில் சொல்ல மாட்டார்.

"மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன்," என்றார். "எங்கம்மா வேண்டாம்னுருப்பாங்க. நானும் செரின்னுட்டு அடுத்த ஊட்டுல பஜ்ஜி திங்கப் போயிருப்பேன். அப்ப எனக்கு அவ்வளவுதாம் புத்தி சாந்தா."

கல்லில் தோசை கருகிவிட்டது. அதைச் சுரண்டி எடுத்தேன். பிறகு அவர் கை கழுவிவிட்டு மடிக்கணினியைத் திறந்தார்.

"பின்கோடு சொல்லு," என்றார்.

சத்தியமங்கலத்தை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். விடுதி முகவரியை நான் சொல்லச் சொல்ல அடித்தார். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. வாலிபாலுக்காக இல்லையாம். இத்தனை வருடமாக ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பெரியம்மாவைப் பார்த்து, எங்க சாந்தாவை எட்டு மாசம் வெச்சுக் காப்பாத்துனீங்க என்று மெனக்கெட்டு நன்றி சொல்லியிருக்கிறார். பெரியம்மாவும் அதை வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

6

வியாழக்கிழமை அனுமதி வந்தது. எங்கே இருந்தாய் என்று கேட்ட போலீஸ், ஏன் கிளம்பினாய் என்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரக் கார்ப் பயணம், என் காரில் இனியா மட்டும், மற்ற பிள்ளைகள் பின்னால் வேறு கார்களில். தூறல். வழியெல்லாம் இனியா காதில் பாட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். மைதானத்துக்கு வெளியே காரை நிறுத்தியபோது அதைக் கழற்றினாள். அப்பா சொன்னார் என்று ஆரம்பித்தாள். செந்தில் அவளிடம் என்ன சொன்னார், எந்த மொழியில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

"எட்டு மாசமா?" என்று தமிழில் கேட்டாள். "அப்புறம் ஏன் விட்டே?"

கைப்பேசியில் படத்தை எடுத்துக் கொடுத்தேன். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பும் பயிற்சியும் ஒரே நேரம், அவள் எதற்குப் போனாள் என்று சொல்ல வேண்டியதில்லை. "என்ன எழுதியிருக்கு?" என்றாள். வாசித்தேன். சொந்த விருப்பத்தின் பேரில் என்றால் என்ன என்று கேட்டாள். அதற்கும் அர்த்தம் சொன்னேன்.

"ஓ," என்றாள். முகம் வாடிவிட்டது. "அப்ப நீயாத்தான் விட்டுட்டயா?"

கண்ணாடியில் தூறல் வழிந்துகொண்டிருந்தது. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அண்ணன் நல்லவராகவே இருந்திருப்பார், அம்மா, அப்பா, பெரியம்மா எல்லோரும் நல்லவர்களாகவே இருந்திருப்பார்கள். நான் ஒருத்தி வாயை மூடிக்கொண்டால் போதும். அதில் எனக்கு அனுபவமும் இருக்கிறது.

"இல்ல கண்ணு," என்றேன். "அது என்ற கையெழுத்து இல்ல."

அவள் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி அந்தப் பெயரையே பார்த்தாள்.

ஓர்லா தாளோடு காருக்கே வந்துவிட்டாள். பிள்ளைகளோடு வந்த பெரியவர் கையெழுத்துப் போட்டால்தான் அணி உள்ளே இறங்க முடியும். நான் கையுறையைக் கழற்றி, தாள் நனையாமல் குனிந்து, முழுப் பெயரையும் தமிழில் எழுதினேன். குளிரில் எழுத்து கொஞ்சம் நடுங்கியது, ஆனால் எந்தப் பக்கமும் சாயவில்லை.

மற்ற பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடிவிட்டார்கள். இனியா மட்டும் மழையில் என் தோளுக்குப் பின்னால் நின்றாள். கைப்பேசியைத் தாளுக்குப் பக்கத்தில் பிடித்து, ஒன்றை ஒன்று ஒத்துப்பார்த்தாள்.

"வேற மாதிரிதான் இருக்கு," என்று சொல்லிவிட்டு, கைப்பேசியை என் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள்.